பல்செட் கொடுத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் பல்லைப் பற்றி வருவன பெரும்பாலும் பல் உள்ளவர்களுக்கு எழுதப்பட்டவையாகவே இருக்கின்றன. எப்படித் துலக்குவது, சொத்தையை எப்படித் தடுப்பது, ஈறில் இரத்தம் கசிந்தால் என்ன செய்வது என்பனவெல்லாம் தேவையான செய்திகளே, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கட்டத்தையெல்லாம் தாண்டி, இருந்த பற்களையும் எடுத்துவிட்டு, மேலும் கீழும் பல்செட் கட்டிக்கொண்டவர்களுக்கு அந்தப் பக்கங்களில் ஓரிரு வரிகள் கிடைத்தாலே அதிகம். அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏறத்தாழ 23 சதவீதம் பேர் பற்களை முழுவதுமாக இழந்தவர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் உலகளாவிய மதிப்பீடு. இத்தனை பேருடைய அன்றாடச் சாப்பாடும் பேச்சும் இதில் அடங்கியிருப்பதால், சற்று நீளமாகவே எழுதுவதற்கு இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். கடந்த ஆண்டு இரண்டு தாடைகளுக்கும் செட் கட்டிக்கொண்டேன். எங்கள் தெருவிலும் ஓய்வூதியர் சங்கத்திலும் செட் கட்டியவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் கட்டியதை டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டவர்களும் கணிசமாக உண்டு. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும் வரை மாட்டிக்கொண்டிருந்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்ததும் முகத்தைத் திருப்பிக் கழற்றிக் கைக்குட்டையில் சுருட்டி வைத்துக்கொள்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படித் தாளில் மடித்து வைத்த செட் இலையோடு போய்விட, மண்டபத்தின் பின்புறம் எச்சில் இலைத் தொட்டியில் தேடிய கதையும் எங்கள் சங்கத்தில் உண்டு. சாப்பிடுவதற்காகச் செய்த பல்லைச் சாப்பாட்டு நேரத்தில் கழற்றி வைக்கிறார்கள் என்றால், ஒன்று அந்தச் செட் சரியில்லை. அல்லது அதைப் பழகும் வழியை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இரண்டாவது காரணமே மிகுதி என்பது என் கணிப்பு.

செட் கட்டும் வேலையில் இறுதி நாள் வரை எல்லாம் முறையாகத்தான் நடக்கிறது. பல் எடுத்த புண் ஆறும் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். பிறகு அச்சு எடுக்கிறார்கள், மெழுகுக் கட்டையை வாயில் வைத்துக் கடி பார்க்கிறார்கள், மெழுகில் பல்லைப் பதித்துக் கண்ணாடியைக் கொடுத்து முகம் பார்க்கச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நாள், தனிச் சீட்டு. செட் கைக்கு வந்த அன்றோ, எல்லாம் முடிந்துவிட்டதாக இரு தரப்பும் நினைத்துக்கொள்கின்றன. தனியார் கிளினிக்கில் மீதிப் பணம் செலுத்தப்படுகிறது. பல் மருத்துவக் கல்லூரியில், இத்தனை செட் செய்தாக வேண்டும் என்ற மாணவரின் கணக்கில் ஒன்று கூடுகிறது. முகாம் என்றால் மேடையில் வைத்து வழங்கப்படுகிறது. "கொஞ்ச நாள்ல பழகிடும்மா" என்ற ஒரு வார்த்தையோடு நோயாளி வெளியே வந்துவிடுகிறார். செட் கொடுத்த மறுநாளே வரவழைத்து வாயைப் பார்க்க வேண்டும், ஒரு வாரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும் என்பது பல் மருத்துவப் படிப்பிலேயே கற்பிக்கப்படும் பாடம். அதைத் தவறாமல் செய்கிற மருத்துவர்களும் இருக்கிறார்கள். எனக்குச் செட் கட்டியவர் அப்படிப்பட்டவர் என்பதால்தான் இன்றைக்கு என் செட் வாயில் இருக்கிறது. ஆனால் அது அவரவர் நல்ல மனத்தைப் பொறுத்த காரியமாக இருக்கிறதே தவிர, கேட்டுப் பெறக்கூடிய ஒரு நடைமுறையாக இல்லை.

புதிதாகச் செட் போட்டவர்களை முதலில் திகைக்க வைப்பது, மேல் செட்டும் கீழ்ச் செட்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாததுதான். மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடியபடி உட்காருகிறது. இடையில் மெல்லிய படலமாக எச்சில் நிற்க, ஓரங்களில் காற்றுப் புகாதபடி அடைபட்டு, உறிஞ்சிப் பிடித்ததுபோல் நின்றுவிடுகிறது. கீழே நடுவில் நாக்கு இருப்பதால் செட்டை லாட வடிவத்தில்தான் செய்ய முடியும். அது உட்காரும் பரப்பு மேல் தாடையில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. போதாததற்கு நாக்கும் கன்னமும் உதடும் அசையும்போதெல்லாம் அதைத் தூக்கிவிடப் பார்க்கின்றன. எனவே கீழ்ச் செட் ஆடுகிறது என்பதற்காக மருத்துவர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. நாக்கைப் பின்னால் இழுத்துக்கொள்ளாமல் அதன் நுனியை முன்பல்லின் உட்புறம் தொடும்படி வைத்திருந்தால், நாக்கே கீழ்ச் செட்டை அமர்த்திப் பிடிக்கும். இதைச் சொல்லித்தருவதற்கு அதிக நேரம் ஆகாது. ஆனால் சொல்லித்தராவிட்டால் பலர் மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள்.

முதல் சில நாட்களில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். வாய்க்குள் வந்திருப்பது உணவு என்றே உடம்பு எடுத்துக்கொள்வதால் வரும் விளைவு இது. துப்பிக்கொண்டே இருக்காமல் விழுங்கிக்கொண்டிருந்தால் தானாகக் குறைந்துவிடும். மேல் செட்டின் பின் ஓரம் தொண்டைப் பக்கம் உரசி, சிலருக்குக் குமட்டலும் வருவதுண்டு. மூக்கால் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு சிறிது நேரம் பொறுத்தால் பெரும்பாலும் அடங்கும். நாட்கள் சென்றும் அடங்காவிட்டால் பின் ஓரத்தைச் சரிபார்க்க வேண்டும். உதடு உப்பியதுபோல் தெரிவதும், கண்ணாடியில் வேறு யாரோ நிற்பதுபோல் தோன்றுவதும் சில வாரங்களில் சரியாகிவிடும். அதுவரை வீட்டிலுள்ளவர்கள் "பாட்டிக்குப் பல்லு முளைச்சிருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்காமல் இருந்தால் பெரிய உதவி. விளையாட்டுக்குத்தான் சொல்கிறார்கள் என்றாலும், செட்டைக் கழற்றி வைப்பதற்கு ஏதாவது ஒரு சாக்கு கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் மனத்துக்கு அது போதும்.

பேச்சு விஷயத்தை நான் சற்று உன்னிப்பாகவே கவனித்தேன். பல ஆண்டுகள் குரலை வைத்துப் பிழைத்தவள் அல்லவா. எழுத்துகளின் பிறப்பு என்று பள்ளிக்கூடத்தில் இலக்கணப் பாடத்தில் படித்தோமே, அது அப்போது எனக்கு அலுப்பான பாடம். செட் போட்ட வாரத்தில்தான் அதன் அருமை தெரிந்தது. தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நாக்கு நுனி தொட்டால் பிறப்பவை. அந்த இடத்தில் இப்போது செட்டின் தடிமன் கூடியிருக்கிறது. நாக்கு எதிர்பார்த்த இடத்துக்கு முன்னதாகவே முட்டிக்கொள்கிறது. வகரம் மேற்பல்லும் கீழுதடும் சேர்ந்தால் வருவது. முன்பல் சற்று நீளமாகவோ உள்வாங்கியோ பதிந்திருந்தால் அதுவும் குழறும். சகரத்தில் காற்று பிசிறி, விசில் போல் ஓர் ஒலி கூடவே வரும். டகரம், ணகரம், ழகரம், ளகரம் ஆகியவற்றுக்கு மடங்கி மேலே போகும் நாக்கு, அண்ணத்துக்குப் பதிலாக வழவழப்பான பிளாஸ்டிக்கைத் தொடுகிறது. நேரில் பேசும்போது முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவர்கள்கூடத் தொலைபேசியில் "என்னம்மா, சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்களா, அப்புறம் கூப்பிடவா?" என்று கேட்டார்கள்.

இதற்கு மருந்து சத்தமாகப் படிப்பது ஒன்றுதான். தங்கள் நாளிதழின் தலையங்கத்தையே தினமும் காலையில் வாய்விட்டு, வழக்கத்தைவிட மெதுவாகப் படித்தேன். ராசிபலனில் வரும் சொற்கள் திரும்பத் திரும்ப அவையே என்பதால் பயிற்சிக்கு அது போதவில்லை. முப்பத்து மூன்று, நாற்பத்து நான்கு, ஐம்பத்து ஐந்து என்று எண்களைச் சொல்லிப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் நாக்கு புதிய இடத்தைப் பழகிக்கொள்கிறது. ஆனால் பேசும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் டக் டக்கென்று மோதிக்கொண்டே இருந்தால் அது பழக்கத்தால் சரியாகிற விஷயமாக இராது. கடி உயரம் கூடிப்போயிருக்கலாம், அல்லது செட் தளர்வாக இருக்கலாம்; இரண்டையும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்கிற இந்த வேறுபாடுதான் நம் மக்களுக்குச் சொல்லப்படாமல் போகிறது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முழுச் செட் அணிந்தவரால் கடிக்க முடிகிற விசை, சொந்தப் பல் உள்ளவரின் விசையில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே பழைய வேகமும் பழைய பட்டியலும் முதல் நாளே திரும்பி வந்துவிடாது. குழைந்த சாதத்தில் பருப்பும் நெய்யும், சாம்பாரில் ஊறிய இட்லி, தேங்காய்ப்பால் விட்ட இடியாப்பம், கேழ்வரகுக் கூழ், மசித்த காய், அவித்த முட்டை என்று தொடங்க வேண்டும். எங்கள் தூத்துக்குடிக்காரர்களுக்கு வாயில் போட்டால் கரைகிற மக்ரூன் இருக்கவே இருக்கிறது. சர்க்கரை நோய் இல்லாதவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வாயளவைக் குறைத்துக்கொண்டு, அதையும் பாதிப் பாதியாக இரண்டு கடைவாய்களுக்கும் பிரித்து, இருபுறமும் ஒரே நேரத்தில் மெல்ல வேண்டும். வாழ்நாள் முழுவதும் ஒரு பக்கமாகவே மென்று பழகியவர்களுக்கு இது எளிதில் வராது. ஆனால் தராசில் ஒரு தட்டில் மட்டும் எடை வைத்தால் மறு தட்டு எழுந்துகொள்வதுபோல, ஒரு பக்கமாக மெல்லும்போது செட்டின் மறுபக்கம் ஈறைவிட்டு எழுந்துவிடுகிறது. எழுந்த இடுக்கில் உணவு போய் உட்கார்ந்து, அடுத்த கடியில் ஈறைக் குத்துகிறது.

முன்பல்லால் கடித்து இழுப்பதும் அப்படித்தான். கொய்யாவையும் மக்காச்சோளத்தையும் விட்டுவிடலாம்; முருங்கைக்காயை விட யாருக்கு மனம் வரும்? சாம்பாரிலிருந்து ஒரு துண்டை எடுத்து, முன்பற்களுக்கிடையே வைத்து, நார் வெளியே வரும்படி இழுக்கிற அந்த ஒரு இழுப்பில், மேல் செட்டின் முன்பக்கம் இறங்கிப் பின் ஓரத்து அடைப்பு விட்டுப்போய், முழுச் செட்டும் காயோடு வந்துவிடும். வழி இருக்கிறது: தட்டிலேயே துண்டைப் பிளந்து, கரண்டியின் ஓரத்தால் சதையை வழித்துச் சாதத்தோடு பிசைந்துவிட வேண்டும். சப்பாத்தியையும் பரோட்டாவையும் சிறு துண்டுகளாகப் பிய்த்து, குழம்பில் ஊற வைக்க வேண்டும். எள், தக்காளி விதை, கத்தரி விதை, கொய்யா விதை ஆகியவை கீழ்ச் செட்டுக்கு அடியில் புகுந்தால் உண்டாகும் வேதனையை அனுபவித்தவர்களே அறிவார்கள். அவற்றைச் சாப்பிட்டால் உடனே கழற்றிக் கழுவி மாட்டிக்கொள்வதே நல்லது. முறுக்கு, தட்டை, சீடை ஆகியவற்றுக்கு முதல் ஆண்டு விடை கொடுத்துவிடலாம். வெற்றிலை போடுகிறவர்கள் இடித்துப் போட்டுக்கொள்வார்கள் என்பது தெரிந்ததே; காவிக் கறை செட்டிலும் படியும்.

இரண்டு ஆபத்துகளை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். செட் கொடுக்கும்போது இவற்றைச் சொல்கிறவர்கள் அரிது. அண்ணம் மூடப்பட்டிருப்பதால் சூடு தெரிவதில்லை. நம்மில் பலர் காபியை உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கிறவர்கள். உதடும் அண்ணமும் எச்சரிக்காத நிலையில், கொதிக்கிற காபி நேரே தொண்டையில் போய்ச் சுடும்போதுதான் தெரிய வருகிறது. செட் போட்ட புதிதில் டம்ளரை உதட்டில் வைத்துக் குடிப்பதே பாதுகாப்பு. ஆசாரம் பார்க்கிறவர்கள் என்மீது கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மற்றொன்று மீன் முள். கடலோரத்தில் பிறந்தவர்கள் சின்ன வயதிலேயே, சாளை மீனின் மயிரிழை முள்ளைக்கூட நாக்கும் அண்ணமுமாகப் பிரித்தெடுத்து உதட்டோரம் தள்ளிவிடப் பழகியவர்கள். பேசிக்கொண்டே சாப்பிட்டாலும் முள் தப்பாது. அண்ணத்துக்கும் நாக்குக்கும் இடையே பிளாஸ்டிக் வந்தபின் அந்த உணர்வு பாதிக்கு மேல் போய்விடுகிறது. தொண்டையில் முள்ளோ எலும்புத் துண்டோ சிக்கிக்கொள்வதற்குச் செட் அணிந்திருப்பதும் ஒரு காரணம் என்பது மருத்துவர்கள் அறிந்த செய்தி. ஆகவே சாளையையும் நெத்திலியையும் சில காலம் தள்ளிவைத்து, நடுமுள் மட்டுமே உள்ள சீலா போன்றவற்றை எடுத்துக்கொண்டு, அதையும் விரலால் உதிர்த்துப் பார்த்த பிறகே வாயில் வைக்க வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடா என்று பயந்து, ரசம் சாதத்திலேயே காலம் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அதுவும் சரியில்லை. பருப்பும் முட்டையும் மீனும் குறைந்து உடம்பு இளைத்தால், வாயின் சதையும் வற்றிச் செட் மேலும் தளர்ந்துபோகிறது.

இனி நான் இந்தக் கடிதம் எழுதுவதற்கான முதன்மைக் காரணம். புதிய செட் எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டிருந்தாலும், முதல் வாரத்தில் எங்காவது ஓரிடத்தில் அழுத்திப் புண்ணாக்குவது சாதாரணம். எனக்குக் கீழ்ச் செட்டின் உள் ஓரம், நாக்கின் இடப் பக்கம், தொட முடியாதபடி புண்ணாகிவிட்டது. மருத்துவர் செட்டின் உட்புறம் முழுவதும் வெள்ளைப் பசை ஒன்றை மெல்லியதாகத் தடவி வாயில் வைத்து அழுத்தி எடுத்தார். வெள்ளைப் பரப்பில் ஓரிடத்தில் மட்டும் பசை விலகி, அடியிலுள்ள இளஞ்சிவப்பு தெரிந்தது. அழுத்துகிற இடம் அதுதான். அந்த இடத்தை மட்டும் கருவியால் ராவினார். எடுத்தது ஒரு சிட்டிகைத் தூள்கூட இராது. மீண்டும் பசை, மீண்டும் சோதனை, பிறகு ஓரத்தை மெருகேற்றிக் கொடுத்தார். என் பின்னால் உட்கார்ந்திருந்தவர் கையிலிருந்த வார இதழில் ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. இந்தச் சின்ன வேலை கிடைக்காததால்தான் எத்தனையோ செட்டுகள் அலமாரிக்குப் போகின்றன.

எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி வேறொரு மாவட்டத்தில் நடந்த முகாமில் செட் கட்டிக்கொண்டு வந்தார். வாரக் கடைசியில் உள்ளுதட்டில் புண். முகாம் நடத்தியவர்கள் மறுபடி எப்போது வருவார்கள் என்பது தெரியாது. பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போனால், "எங்கே கட்டினீங்களோ அங்கேயே போய்க் காட்டுங்க" என்று சொல்லிவிட்டார்கள். இன்னொருவர் செய்த வேலையில் கைவைத்து, பிறகு உடைந்தால் பழி நமக்கு வரும் என்று அந்த மருத்துவர் நினைத்திருக்கலாம். அந்தத் தயக்கமும் புரியாததில்லை. ஆனால் அண்ணாச்சி என்ன செய்தார்? உப்புத்தாள் வாங்கித் தாமே தேய்த்தார். அழுத்துகிற இடம் எது என்று தெரியாமல் ஓரம் முழுவதையும் தேய்த்ததில் காற்றடைப்புப் போய், நன்றாக நின்றுகொண்டிருந்த மேல் செட்டும் விழத் தொடங்கிவிட்டது. உடைந்த செட்டைக் கடையில் விற்கும் சூப்பர் குளூ கொண்டு ஒட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அது வாய்க்கு ஆகாதது மட்டுமன்றி, இம்மியளவு விலகி ஒட்டினாலும் கடி மாறிவிடும், பிறகு பழுது பார்ப்பவராலும் பொருத்திப் பார்க்க இயலாது.

புண்ணுக்காக மருத்துவரிடம் போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வலிக்கிறதென்று பல நாள் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, புண் ஆறிய வாயோடு போய் உட்கார்ந்தால் எந்த இடம் அழுத்துகிறது என்பதைக் கண்டுபிடிப்பது கடினம். வலி தாங்க முடியாத நாட்களில் கழற்றி வைத்து, இளஞ்சூட்டு உப்புநீரில் கொப்பளித்துவிட்டு, மருத்துவரிடம் போவதற்கு முந்தைய நாளோ அல்லது அன்று காலையில் சில மணி நேரமோ அணிந்துகொண்டு போனால் அடையாளம் தெளிவாகத் தெரியும்.

ஈறு நாளடைவில் மாறிக்கொண்டே இருக்கும் என்பதும் சொல்லப்படுவதில்லை. பல் போன தாடை எலும்பு கரைந்துகொண்டே போகிறது. அதிலும் முதல் ஆண்டில் வேகம் அதிகம். செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து 1972இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, கீழ்த்தாடை மேல்தாடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கரைவதாகக் கண்டது. கீழ்ச் செட் ஓரிரு ஆண்டுகளில் தொளதொளவென்று ஆவதற்குக் காரணம் இதுதான். அப்போது உட்புறம் மட்டும் புதிதாக நிரப்பித் தருகிற வழி இருக்கிறது. புதுச் செட்டுக்கு ஆகும் செலவு ஆகாது. கீழ்த்தாடையில் இரண்டு இம்பிளான்ட் (எலும்புக்குள் பதிக்கும் உலோகத் திருகு) வைத்து அதன்மேல் செட்டை மாட்டுவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002இல் கூடிய வல்லுநர்கள் சொன்னார்கள். ஓய்வூதியத்தில் மாத்திரை வாங்கியது போக மீதியை எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு அந்தத் தேர்வு இன்னும் எட்டவில்லை. ஆகவே சாதாரணச் செட்டை ஒழுங்காகப் பழக்கித் தருவதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவில் கழற்றிவிட வேண்டும்; இரவு பகலாக அணிந்திருந்தால் அண்ணத்தில் பூஞ்சை படர்ந்து சிவந்துபோகும். கழற்றியதை உலர விடாமல் சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். பல்பொடி, சாம்பல், உப்பு எல்லாம் செட்டில் கீறல் விழச் செய்யும் என்பதால் மென்மையான பிரஷும் சோப்பும் போதும். வழுக்கி விழுந்தால் உடையாமலிருக்க, தண்ணீர் நிரம்பிய பாத்திரத்துக்கு மேலே வைத்துத் துலக்குவது நல்லது. ஒன்றிரண்டு பல் மட்டும் உள்ள சிறிய செட் அணிகிறவர்கள் தூங்கும்போது அதைக் கழற்றாமல் இருக்கவே கூடாது. தூக்கத்தில் விழுங்கிவிடுகிற அபாயம் உண்டு.

அண்டை மாநிலங்களில் கர்நாடகம் தந்த பாக்ய என்ற பெயரிலும், கேரளம் மந்தஹாசம் என்ற பெயரிலும் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு இலவசமாகப் பல்செட் வழங்கும் திட்டங்களைக் கொண்டுவந்தன. நம் மாநிலத்தில் 1953இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியோடு, இப்போது சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. தென்கோடி மாவட்டங்களிலிருந்து பார்த்தால் மூன்றுமே தொலைவு. செட் கட்டிக்கொள்வதற்காக ஒருமுறை போய் உறவினர் வீட்டில் தங்கி வந்துவிடலாம். புண் ஒன்றைக் காட்டுவதற்காக எழுபது வயதுக்காரர் இரவுப் பேருந்தில் ஏற முடியாது. எனவே புதிய திட்டம் கேட்பதற்கு முன்பு, இருப்பதை வைத்தே செய்யக்கூடிய ஒன்றைக் கேட்கிறேன். பல் மருத்துவர் பணியில் உள்ள எந்த அரசு மருத்துவமனையிலும், வேறெங்கு கட்டிய செட்டாக இருந்தாலும், அழுத்துகிற இடத்தைப் பார்த்துத் திருத்தித் தர வேண்டும் என்று சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். செட்டுக்கு உடையவர் ஒப்புதல் எழுதிக் கொடுத்துவிட்டால் உடைந்தால் யார் பொறுப்பு என்ற தயக்கமும் தீரும். அதற்கு வேண்டிய கருவி அந்த அறைகளில் ஏற்கெனவே இருக்கிறது.

முகாம் நடத்துகிறவர்கள், செட் வழங்கும் தேதியை அறிவிக்கும்போதே, மறுபடி வந்து பார்க்கப்போகும் இரண்டு தேதிகளையும் அதே நோட்டீசில் அச்சிட வேண்டும். அதற்கு வசதியில்லாதவர்கள், அந்த ஊரிலேயே உள்ள ஒரு பல் மருத்துவரிடம் பேசி வைத்துவிட்டு வழங்கட்டும். செட் வைத்துக் கொடுக்கும் டப்பாவோடு பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்ட ஒரு தாளும் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். வீட்டிலுள்ளவர்களும் விஷயத்தைத் தெரிந்துகொண்டதாக ஆகும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் 2021 முதல் வீடு வீடாக வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் பெண் எல்லார் வீட்டுச் சங்கதியும் அறிந்தவர்; எந்த வீட்டில் யார் எப்போது தூங்குவார்கள் என்பது வரை அவருக்குத் தெரியும். அவர் கையிலுள்ள பதிவேட்டில் இன்னும் ஒரு வரியைச் சேர்த்து, செட் கட்டியிருக்கிறீர்களா, சாப்பிடும்போது போட்டுக்கொள்கிறீர்களா, எங்காவது புண் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளச் செய்யலாம். அலமாரிகளில் எத்தனை செட்டுகள் இருக்கின்றன என்ற கணக்கு துறைக்கு அப்போதுதான் கிடைக்கும். யாரை எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதையும் அதை வைத்தே முடிவு செய்யலாம். சுகாதாரத் துறை அலுவலர்களின் பார்வைக்கு இதைக் கொண்டுசெல்லத் தங்கள் நாளிதழ் உதவ வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி நிலைய ஊழியர்,
தூத்துக்குடி.